முதுமையை நடித்த கலைஞர்: வால்டர் பிரென்னனும் ஹாலிவுட்டின் ஸ்டூடியோக் காலமும்

ஹாலிவுட் படங்களின் வரலாறு பெரும்பாலும் நட்சத்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 1930களிலும் 1940களிலும் வெளிவந்த அமெரிக்கப் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிற எவருக்கும், கதாநாயகனைக் காட்டிலும் அடிக்கடி எதிர்ப்படுகிற முகங்கள் வேறு சில உண்டு என்பது விரைவில் புலப்பட்டுவிடும். மதுக்கடைக்காரர், நீதிபதி, வண்டியோட்டி, நாயகியின் தந்தை, பத்திரிகை ஆசிரியர், குடிகாரக் கிழவர் என்று வேடங்கள் மாறிக்கொண்டே இருக்க, அவற்றை ஏற்பவர்கள் மட்டும் ஏறத்தாழ அதே ஐம்பது அறுபது பேராக இருப்பார்கள். கதையின் மையத்தில் நில்லாமல், ஆயினும் தமக்கென ஒரு குணமும் பேச்சும் நடையும் உடைய மனிதர்களாகத் தோன்றிக் கதைக்கு மண்ணையும் மக்களையும் தருகிற இத்தகையோரையே குணச்சித்திர நடிகர்கள் என்கிறோம். அவர்களுள் வால்டர் பிரென்னன் என்பவரின் கலை வாழ்வையும், அதை உருவாக்கிய தொழில்முறையையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

குணச்சித்திர நடிகர் என்ற தொழிலாளி அக்காலத்தில் அத்தனை பெருகியதற்குக் காரணம், ஸ்டூடியோ முறை எனப்படும் தயாரிப்பு ஏற்பாடு ஆகும். எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்கள் படத்தைத் தயாரிப்பது, விநியோகிப்பது, சொந்தத் திரையரங்குகளில் ஓட்டுவது ஆகிய மூன்றையும் தம் கையில் வைத்திருந்ததால், அரங்குகளுக்கு வாரந்தோறும் புதுப்படம் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருந்தது. அவ்வளவு விரைவாகப் படம் எடுக்கிற இடத்தில், இயக்குநர் விளக்கிச் சொல்லித்தான் நடிக்க முடியும் என்கிற புதியவரைவிட, கதவைத் திறந்து உள்ளே வந்த கணத்திலேயே தாம் யார் என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்திவிடக்கூடிய பழகிய நடிகரே பயன்பட்டார். ஆகவே நட்சத்திரங்களைப் போலவே இவர்களும் பெரும்பாலும் ஏழாண்டு ஒப்பந்தங்களில் கட்டப்பட்டனர். அந்த ஒப்பந்தத்தை இடையிடையே முறித்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது, நடிகருக்கு இல்லை. மேலும், தன்னிடம் வேலை இல்லாதபோது நடிகரைப் பிற நிறுவனத்துக்கு இரவல் கொடுத்து, அவருக்குத் தரும் சம்பளத்தைவிடக் கூடுதலாகப் பெற்ற தொகையைத் தானே வைத்துக்கொள்ளவும் நிறுவனத்தால் முடிந்தது. தாமஸ் மிட்செல் என்ற நடிகர் 1939ஆம் ஆண்டில் மட்டும் 'ஸ்டேஜ்கோச்', 'கான் வித் தி விண்ட்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' உள்ளிட்ட ஐந்து படங்களில் இடம்பெற்றதைக் கருதினால், இவர்களின் உழைப்பு எவ்வளவு இடைவிடாமல் பயன்படுத்தப்பட்டது என்பது விளங்கும்.

பிரென்னன் 1894ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்தார். தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றபோதே நாடக ஆசை பற்றிக்கொள்ள, பாட்டும் நகைச்சுவையும் வித்தைகளும் கலந்த 'வாடவில்' மேடைகளில் சிறு வேடங்கள் ஏற்றார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றித் திரும்பிய பின், குவாத்தமாலாவில் அன்னாசி பயிரிட்டும், லாஸ் ஏஞ்சலிஸில் நிலம் வாங்கி விற்றும் பிழைப்பு நடத்தினார். 1920களின் நடுவில் நில வியாபாரம் சரிந்து கைப்பொருள் போனதும், மனைவியும் குழந்தைகளும் உள்ள குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகத் திரைப்பட ஸ்டூடியோக்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். கலைத் தாகம் அவரை அங்கே கொண்டுவரவில்லை, கடன்தான் கொண்டுவந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய நடிப்பில் பிற்காலத்திலும் காணப்படுகிற தொழிலாளித் தன்மைக்கு, அதாவது கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் பிசகின்றி முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் தன்மைக்கு, வேர் இங்கேதான் இருக்கிறது.

அவர் முதலில் பெற்ற வேலை எக்ஸ்ட்ரா வேலை, அதாவது கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை. நாட்கூலிக்கு ஆள் எடுப்பதில் இருந்த முறைகேடுகளை ஒழுங்குபடுத்துவதற்காக 1925இல் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 'சென்ட்ரல் காஸ்டிங்' என்ற பொது அலுவலகத்தை ஏற்படுத்தியிருந்தனர். எக்ஸ்ட்ராக்கள் அங்குத் தொலைபேசியில் அழைத்து வேலை உண்டா என்று கேட்பதும், பெரும்பாலான நாட்களில் இல்லை என்ற பதிலையே பெறுவதும் வழக்கமாயிருந்தது. இந்த நிலையில் ஏறத்தாழ பத்தாண்டுகள் பிரென்னன் இருந்தார். 1933இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் கண்ணுக்குத் தெரியாத மனிதனிடம் சைக்கிளைப் பறிகொடுக்கும் ஊர்க்காரராகவும், 1935இல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் பெயரில்லாத அண்டைவீட்டுக்காரராகவும் அவர் சில நொடிகள் தோன்றுவதை இன்றும் காணலாம். நாற்பது வயதை எட்டிய ஒருவர், படத்தின் பெயர்ப்பட்டியலில்கூட இடம்பெறாத வேடங்களை ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது.

இக்காலத்தில், 1932இல், ஒரு சண்டைக் காட்சியின் படப்பிடிப்பின்போது அவருடைய பற்கள் பல உடைந்து, அவர் பல்செட்டு அணிய வேண்டியவரானார். ஒரு நடிகரின் முகத்துக்கு நேர்ந்த இந்த இழப்பைக் கருவியாக மாற்றிக்கொண்டதே அவருடைய கலையின் முதல் பெரிய நிகழ்வு எனலாம். பல்செட்டைக் கழற்றினால் கன்னம் குழிந்து, மோவாய் மூக்கை நோக்கி உயர்ந்து, உதடு உள்மடிந்து, எழுபது வயதுக் கிழவர் ஒருவர் முன்னே வந்து நிற்பார். பேச்சிலும் 'ச'கர ஒலிகள் காற்றாகக் கசிந்து, சொற்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அதே பல்செட்டை அணிந்துகொண்டால் நாற்பது வயது மனிதர் திரும்பிவிடுவார். மௌனப்படக் காலத்தில் லான் சேனி ஒப்பனைப் பொருள்களைக் கொண்டு முகத்தையே வேறாக்கிப் புகழ்பெற்றிருந்தார். பிரென்னனுக்கு அத்தகைய ஒப்பனை பெரும்பாலும் தேவைப்படவில்லை. 1935இல் 'பார்பரி கோஸ்ட்' படத்துக்கு ஆள் தேர்ந்துகொண்டிருந்த இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் வசனத்தைப் படித்துக்காட்டச் சொன்னபோது, பல்லோடு படிக்கவா பல் இல்லாமல் படிக்கவா என்று பிரென்னன் கேட்டதாகவும், அந்தக் கேள்வியிலேயே வேடம் அவருக்கு உறுதியாகிவிட்டதாகவும் ஹாக்ஸ் பிற்காலப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அதே ஆண்டில் 'தி வெட்டிங் நைட்' படத்தின் வழியாகத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினின் ஒப்பந்தமும் அவருக்குக் கிடைத்தது. கோல்ட்வின் ஆண்டுக்குச் சில படங்களே எடுத்தவர் என்பதால், பிரென்னன் பல நிறுவனங்களுக்கு இரவல் போனார். இது அவருக்கு வெவ்வேறு இயக்குநர்களின் கைகளில் பழகும் வாய்ப்பாகவும் அமைந்தது.

1936இல் வந்த 'கம் அண்ட் கெட் இட்', எட்னா ஃபெர்பரின் நாவலைத் தழுவி, விஸ்கான்சின் காட்டு மரத் தொழிலைக் களமாகக் கொண்ட படம். நண்பன் கைவிட்டுச் சென்ற பெண்ணை மணந்துகொண்டு, மனத்தாங்கல் ஏதுமின்றி அவளோடு வாழ்ந்து முதுமை அடைகிற ஸ்வான் போஸ்ட்ரம் என்ற சுவீடன் நாட்டு மரவெட்டியாகப் பிரென்னன் நடித்தார். ஹாக்ஸ் தொடங்கிய இப்படத்தை, கோல்ட்வினுடன் ஏற்பட்ட பிணக்கினால் அவர் விலகியதும், வில்லியம் வைலர் முடித்துக்கொடுத்தார். துணைக் கதாபாத்திரங்களுக்கான ஆஸ்கார் விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1937 மார்ச் விழாவில், ஆண்கள் பிரிவில் அவ்விருதை இவ்வேடத்துக்காகப் பிரென்னன் பெற்றார். பெண்கள் பிரிவில் பெற்றவர் கேல் சாண்டர்கார்ட்.

இந்த விருதுப் பிரிவு தோன்றிய சூழல் கவனத்துக்குரியது. முந்தைய ஆண்டு 'மியூட்டினி ஆன் தி பவுண்டி' படத்தின் மூன்று நடிகர்கள் சிறந்த நடிகர் விருதுக்கு ஒருசேரப் பரிந்துரைக்கப்பட்டு மூவருமே தோற்றிருந்தனர். அதே காலத்தில், 1933இல் தோன்றியிருந்த திரைநடிகர் சங்கம், தயாரிப்பாளர்களின் பக்கம் நிற்பதாகக் கருதி ஆஸ்கார் அகாதமியைப் புறக்கணித்துக்கொண்டிருந்தது. குணச்சித்திர நடிகர்களின் மீது திடீரென எழுந்த மதிப்பு மட்டுமே இப்பிரிவைப் படைத்துவிடவில்லை. விலகிப்போன நடிகர் கூட்டத்தை மீண்டும் தன்பால் ஈர்க்க வேண்டிய தேவை அகாதமிக்கு இருந்தது என்று கொள்வதே பொருந்தும். அளித்த மதிப்பும் முழுமையானதன்று. நட்சத்திரங்கள் தங்கச் சிலை பெற்றுச் செல்ல, துணைப் பிரிவில் வென்றவர்களுக்குச் சில ஆண்டுகள் வரை பட்டயம் மட்டுமே வழங்கப்பட்டது.

பிரென்னன் 1938இன் 'கென்டக்கி' படத்துக்கும் 1940இன் 'தி வெஸ்டர்னர்' படத்துக்கும் மீண்டும் வென்று, துணை நடிகர் பிரிவில் மும்முறை வென்ற ஒரே நடிகராக நிலைபெற்றார். 1930களின் இறுதியில் எக்ஸ்ட்ராக்களுக்கும் ஆஸ்கார் வாக்குரிமை இருந்ததால், தங்களில் ஒருவராக இருந்து மேலே வந்த பிரென்னனுக்கு அவர்கள் திரண்டு வாக்களித்தனர் என்றும், பிற்பாடு அவ்வுரிமை பறிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றும் திரை வரலாற்று நூல்களில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவருடைய வெற்றியின் மதிப்பைக் குறைப்பதற்காகவே இச்செய்தி பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் ஒரு காட்சியில் யார் உண்மையாக உழைக்கிறார் என்பதைப் படப்பிடிப்புத் தளத்தில் நாள் முழுதும் நின்று பார்த்தவர்கள் எக்ஸ்ட்ராக்களே ஆதலால், அவர்களின் தீர்ப்பைத் தகுதியற்றதாகத் தள்ளுவதற்கு நியாயம் ஏதும் இல்லை. 'கென்டக்கி'யின் குதிரை வளர்ப்புக் கிழவர் வேடம் சற்று மிகைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளலாம். 'தி வெஸ்டர்னர்' பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

வைலர் இயக்கி, கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு செய்த அப்படத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் லாங்க்ட்ரி என்ற ஊரில் மதுக்கடையையே நீதிமன்றமாக வைத்திருந்த ராய் பீன் என்ற உண்மை மனிதரின் வேடத்தைப் பிரென்னன் ஏற்றார். பீன் ஆட்களைத் தூக்கிலிடத் தயங்காதவர், நிலத்தில் குடியேற வந்த விவசாயிகளை அழிக்க நினைப்பவர். ஆயினும், தாம் நேரில் கண்டிராத லில்லி லாங்க்ட்ரி என்ற ஆங்கில நடிகையின் மீது பித்துக்கொண்டவர். குதிரைத் திருட்டுப் பழியில் தூக்குக்கு நிற்கும் கோல் ஹார்டன், லில்லியைத் தமக்குத் தெரியும் என்றும் அவருடைய கூந்தல் சுருள் ஒன்று தம்மிடம் உள்ளது என்றும் சொல்லி உயிர் தப்புகிறார். ஹார்டனாக நடித்த கேரி கூப்பர், படம் பிரென்னனுடையதாகிவிடும் என்று அஞ்சி இவ்வேடத்தை ஏற்க முதலில் தயங்கியதாகப் பதிவு உண்டு. அந்த அச்சம் சரியானதே. கூந்தல் சுருளைப் பற்றிக் கேட்ட நொடியில் பிரென்னனின் கண்களில் இருந்த நீதிபதியின் கடுமை முற்றிலும் வடிந்து, திருவிழாவில் மிட்டாய்க் கடை முன் நிற்கும் சிறுவனின் ஆவல் அங்கே வந்துவிடுகிறது. குரல் தணிகிறது, கை தானாக நீள முற்பட்டுப் பின்வாங்குகிறது. கொலைகாரர் ஒருவரின் மீது பார்வையாளருக்கு அன்பு பிறந்துவிட்டதை அவர்கள் உணர்வதற்குள், அதே மனிதர் விவசாயிகளின் பயிருக்குத் தீ வைக்கச் செய்துவிடுகிறார்.

படத்தின் முடிவில், லில்லியின் நாடகத்துக்கான எல்லா இருக்கைகளையும் தாமே விலைக்கு வாங்கி, பழைய தென்மாநிலப் படைச் சீருடை அணிந்து, வெற்று அரங்கில் பீன் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறார். திரை விலகும்போது மேடையில் நிற்பவர் நடிகை அல்லர், துப்பாக்கியுடன் ஹார்டன். குண்டடிபட்டு விழும் பீனை அவரே தூக்கிச் சென்று லில்லியின் முன் நிறுத்துகிறார். வரலாற்றில் ராய் பீன் 1903இல் லில்லியைக் காணாமலேயே இறந்தார். லில்லி அவ்வூருக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில். படம் பீனுக்கு அந்தச் சந்திப்பை வழங்கியபோதிலும், அவர் செய்தவற்றுக்கு மன்னிப்பை வழங்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே முகத்தில் தாங்கிநின்றதே பிரென்னனின் சாதனை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. கூப்பரைவிட ஏழே ஆண்டுகள் மூத்தவர்.

பிரென்னன் ஒருவரின் திறமையை மட்டும் பேசிக்கொண்டு போனால், அத்தொழிலின் அநீதியான பக்கம் மறைந்துவிடும். 1940 பிப்ரவரி 29 அன்று நடந்த ஆஸ்கார் விழாவில் துணை நடிகர் விருதைத் தாமஸ் மிட்செல் பெற, துணை நடிகை விருதை 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் பெற்றார். ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான அவர், படக்குழுவினரின் மேசையில் அமர இடமின்றி, சுவரோரமாகப் போடப்பட்ட தனி மேசையில் அமர்த்தப்பட்டிருந்தார். வெள்ளையரான பிரென்னனுக்கு நீதிபதி, மதபோதகர், மாலுமி, கொள்ளையர், பத்திரிகையாளர் என்று உலகம் விரிந்திருந்தபோது, மெக்டேனியலுக்கு வீட்டுப் பணிப்பெண் என்ற ஒரே வாசல்தான் மீண்டும் மீண்டும் திறந்தது. குணச்சித்திர நடிப்பு என்று பொதுப்பெயரால் வழங்கப்படுவதன் உள்ளே, பலவகை மனிதராக மாறும் உரிமை பெற்றவரும் அவ்வுரிமை மறுக்கப்பட்டவரும் இருந்தனர். பிரென்னனே 1960களில் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதும் இவ்விடத்தில் மறைக்கத் தக்கதன்று. திரையில் அத்தனை மனிதரின் உள்ளம் புகுந்தவர், திரைக்கு வெளியே தம் நாட்டு மக்களில் ஒரு பகுதியினரின் நியாயத்தை உணராதிருந்தார்.

ஹாக்ஸ் அவரை ஆறு படங்களில் பயன்படுத்தினார். அவற்றில் பிரென்னனின் பங்கு பெரும்பாலும் நாயகனின் தோழர். 1944இன் 'டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்' படத்தில், ஹம்ஃப்ரி போகார்ட்டின் படகில் ஒட்டிக்கொண்டிருக்கும் எடி என்ற குடிகாரர், எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் செத்த தேனீ கொட்டியதுண்டா என்று கேட்கிறார். பலரும் அதைப் பிதற்றலாக ஒதுக்க, லாரன் பேகால் ஏற்ற பாத்திரம் மட்டும் அக்கேள்வியை மதித்து எதிர்க்கேள்வி கேட்கிறது. அந்த ஒரு பதிலிலேயே அவள் இந்தச் சிறு குழுவில் சேரத் தகுந்தவள் என்பது தீர்மானமாகிவிடுகிறது. நாயகி யார் என்பதை நாயகன் அறியும் அளவுகோலாகக் குணச்சித்திர நடிகர் அங்கே நிற்கிறார். 'ரெட் ரிவர்' படத்தில் வரும் குரூட் என்ற சமையல் வண்டிக்காரர், தம் பல்செட்டின் பாதி உரிமையைச் சீட்டாட்டத்தில் இழந்துவிட, வென்றவர் சாப்பாட்டு வேளைக்கு மட்டுமே அதைத் திருப்பித் தருகிறார். நடிகரின் சொந்தக் குறையே இங்குக் கதையின் பொருளாகிவிட்டது.

'ரெட் ரிவர்' 1948இல் வெளிவந்தாலும் படமாக்கப்பட்டது 1946இல். அதே ஆண்டு, சில மாதங்களுக்கு முன்புதான், ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் அவர் கிளாண்டன் என்ற மாட்டுத் திருட்டுக் குடும்பத்தின் தந்தையாக நடித்திருந்தார். கிழவர் என்றாலே பாசத்துடன் சிரிக்கப் பழகியிருந்த பார்வையாளர்களுக்கு இவ்வேடம் அதிர்ச்சி தந்தது. அவர் இதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கத்தான் செய்தார். வழக்கமான முணுமுணுப்பு இல்லை, நொண்டல் இல்லை, கீச்சிடும் சிரிப்பு இல்லை. மதுக்கடையில், நாயகனாக வரும் ஹென்றி ஃபோண்டா அவருடைய மகன்களை அடித்துப்போட்டுச் செல்லும்வரை இன்சொல் பேசிப் பணிந்து நிற்கிறார். ஃபோண்டா வெளியேறியதும் சாட்டையை எடுத்து மகன்களையே விளாசி, துப்பாக்கியை உருவினால் ஆளைக் கொன்றாக வேண்டும் என்று பாடம் சொல்கிறார். அந்தக் குரலில் கோபத்தைவிடத் தந்தையின் அக்கறையே மிகுந்திருப்பதுதான் நடுக்கம் தருகிறது. பிரென்னனின் நடிப்பில் உச்சம் இதுவே என்பது இவ்வுரையின் துணிபு. ஃபோர்டுடன் ஏற்பட்ட மனவேற்றுமையால், அவருடைய இயக்கத்தில் பிரென்னன் மறுபடி நடிக்கவேயில்லை என்பது பேரிழப்பு.

1948இல் பாரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பெரிய நிறுவனங்கள் தம் திரையரங்குகளைக் கைவிட வழிசெய்தது. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்தது. வாரந்தோறும் படம் தர வேண்டிய கட்டாயம் போனதும், ஒப்பந்தச் சம்பளத்துக்கு நடிகர்களை வைத்திருக்கும் ஏற்பாடும் போனது. பல குணச்சித்திர நடிகர்கள் வேலையற்றுப் போன அந்நிலையில், பிரென்னன் 1957இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி ரியல் மெக்காய்ஸ்' தொடரில், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த விவசாயக் குடும்பத்தின் தாத்தாவாக நடித்து, அறுபத்துமூன்றாம் வயதில் ஒரு கதையின் மையத்துக்கு வந்தார். இரவல் கொடுக்கப்பட்ட நடிகர், இத்தொடரின் தயாரிப்பில் பங்குதாரராகவும் இருந்தார். 1963 வரை ஓடிய அத்தொடர் அவருக்குப் பணத்தையும், நாட்டின் எல்லா வீடுகளிலும் அறிமுகத்தையும் தந்தது. 1974 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் அவர் காலமானபோது, தொலைக்காட்சித் தாத்தாவாகவே பலருக்கு அறிமுகமாகியிருந்தார்.

அத்தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1959இல், ஹாக்ஸின் 'ரியோ பிராவோ' வந்தது. இரண்டிலும் அதே நொண்டல், அதே புலம்பல், அதே முரட்டுப் பாசம் உண்டு. ஆயினும் தொலைக்காட்சித் தாத்தாவின் கோபம் அரைமணி நேரத்துக்குள் தணிந்தாக வேண்டும். அவர் செய்யும் தவறுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. 'ரியோ பிராவோ'வில் சிறையைக் காவல் காக்கும் ஸ்டம்பி, ஜான் வெய்னின் ஷெரீஃப் பாராட்டவில்லை என்று ஓயாமல் குறைபட்டுக்கொண்டே, கையில் துப்பாக்கியுடன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். டீன் மார்ட்டின் ஏற்ற டியூட், குடியை விட்டு, குளித்துச் சவரம் செய்து, நல்ல உடையில் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, அழுக்கு உடையில் மட்டுமே அவரைக் கண்டு பழகிய ஸ்டம்பி அடையாளம் தெரியாமல் சுட்டுவிட, குண்டு மயிரிழையில் தவறுகிறது. காவலுக்கு அமர்த்தியவர்கள் சொன்னபடி அவர் செய்திருக்கிறார், ஆனால் தோழரைக் கொன்றிருப்பார். அடுத்த சில நொடிகளில் பிரென்னனின் முகத்தில் சினமும் நாணமும் அச்சமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருவதைக் காண்கிறோம். எக்ஸ்ட்ராவாக நின்ற காலம் தொட்டு அவர் சேர்த்துவைத்த வித்தை அனைத்தும் அக்காட்சியில் வேலை செய்கிறது. தொலைக்காட்சித் தொடரின் நூற்றுக்கணக்கான பகுதிகளில் அவருக்கு அப்படியொரு காட்சி எழுதப்படவில்லை.